வாக்கு, வகுப்பு, விவாதம்: அரசியல் அறிவியல் கேள்வி பதில்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்று பேருந்து நிலையங்களில் நின்று 500 பேரிடம் வினாத்தாள் நிரப்பினேன். "இது முறையான மாதிரியே (சாம்பிள்) இல்லை" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 500 பேர் போதாதா?
(ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

500 போதும், பேருந்து நிலையம்தான் போதாது. அங்கே நிற்பவர்கள் யார்? வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண், வயலில் நிற்பவர், எழுபது தாண்டியவர், சொந்த வண்டியில் போகிறவர் யாரும் உங்கள் தாளில் ஏற வழியே இல்லை. தொகுதியில் உள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் உங்கள் மாதிரியில் இடம்பெற எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல முடிந்தால்தான் பிழை வரம்பைப் பற்றி, அதாவது உங்கள் முடிவு உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதைப் பற்றிப் பேசவே முடியும்.

வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் பாகம் பாகமாகக் கிடைக்கிறது. பழைய பட்டியல் கையில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பெயர்கள் மட்டுமல்ல, பாகங்களும் மாறியிருக்கும். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் என்ற வரம்பால் பல சாவடிகள் பிரிந்திருக்கும். முதலில் சாவடிகளைத் தேர்ந்தெடுங்கள், பெரிய சாவடிக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும்படி. பிறகு சாவடிக்குள் ஆட்களை. ஒரு சாவடியில் 1,080 பேர், உங்களுக்கு 30 பெயர் வேண்டும் என்றால் 1,080ஐ 30ஆல் வகுக்க 36. ஒன்றிலிருந்து 36க்குள் ஒரு எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 17 வந்தால் 17, 53, 89, 125 என்று 36 கூட்டிக்கொண்டே போகலாம். நீக்கப்பட்டதாகக் குறிப்பிட்ட கட்டங்களை எண்ணுவதற்கு முன்பே கழித்துவிடுங்கள்.

முப்பது பெயரில் இருபது பேர் பேசினாலே நல்ல களப்பணி. ஊரைவிட்டுப் போனவர், இறந்தவர், கதவைத் திறக்காதவர் எல்லாம் இருப்பார்கள். அதற்காகத்தான் முதலிலேயே கூடுதலாக எடுப்பது. "அவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார், கேட்டுவிட்டேன்" என்று களப்பணியாளர் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களையே அள்ளிக்கொண்டு வரும் வேலை அது. இல்லாதவரைத் தேடி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்னும் இரண்டு முறை போக வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 600 பேர் என்றால் பிழை வரம்பு சுமார் 4 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். அது 600 பேரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருந்தால்தான் சரி. 30 சாவடியில் 20 பேர் வீதம் எடுத்தால், ஒரே தெருக்காரர்கள் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே வாக்கு. சாவடிக்குள் இருக்கும் இந்த ஒற்றுமையை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒன்று) 0.05 என்று வைத்தாலும் 1 + 19 × 0.05 = 1.95; 19 என்பது சாவடிக்கு 20 பேரில் ஒன்று குறைவு. 600ஐ இந்த 1.95ஆல் வகுத்தால் உங்கள் 600 பேர் சுமார் 308 பேருக்குச் சமம், பிழை வரம்பு ஐந்தரையைத் தாண்டுகிறது. அதே 600ஐ 60 சாவடியில் 10 பேர் வீதம் எடுத்தால் 1.45ஆல் வகுத்தால் போதும், 414 பேர் மிஞ்சுவார்கள். அலைச்சல் இரட்டிப்பு, ஆனால் பலன் உண்டு.

வாக்களித்த கட்சியை வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு சிறு பெட்டியும் கொண்டுபோங்கள். தேர்தல் கணக்கெடுப்பு நடத்தும் தில்லியின் லோக்நிதி குழுவின் வழக்கமும் இதுதான். சாதி, வருமானக் கேள்விகள் கடைசியில். ஒரே திட்டத்தை ஒரு தாளில் "இலவசம்" என்றும் மறு தாளில் "நலத்திட்டம்" என்றும் எழுதி முன்னோட்டம் பாருங்கள், பதில் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

கேள்வி: இத்தனை துறைகள், இத்தனை பேராசிரியர்கள். 2024 தேர்தலைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லையே?
(வாசகர், ஈரோடு)

ஜூன் 1 மாலை தொலைக்காட்சிகளில் வந்தவை தனியார் நிறுவனங்களின் கணிப்புகள், பல்கலைக்கழகத் துறைகளின் வேலை அல்ல. ஆனாலும் கேள்வி நியாயமானது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பெரும்பாலான கணிப்புகள் சொன்னன, ஜூன் 4 அன்று வந்தது 293.

எங்கே சறுக்குகிறது என்பதற்கு பா.ஜ.க.வின் எண்களே சாட்சி. 2019இல் 37.36 சதவீத வாக்கு, 303 இடம். 2024இல் 36.56 சதவீதம், 240 இடம். இறங்கியது 0.8 சதவீதப் புள்ளி, போனது 63 இடம். வழக்கமான அளவில் நடக்கும் கணக்கெடுப்பு 0.8 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்காது; 10,000 பேரைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தாலே பிழை வரம்பு ஒரு புள்ளி. வாக்கு எந்த மாநிலத்தில் குறைந்தது, எதிரணி ஒன்றாக நின்றதா சிதறி நின்றதா என்பதுதான் இடங்களைத் தீர்மானிக்கிறது. 2014இல் தமிழ்நாட்டில் தி.மு.க. 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கி ஓர் இடம்கூடப் பெறவில்லை; அ.தி.மு.க. 39இல் 37 எடுத்தது.

ஆகவே வாக்குச் சதவீதத்தைச் சொல்பவரை ஓரளவு நம்பலாம். அதை இடங்களாக மாற்றிச் சொல்பவரிடம் எந்தச் சூத்திரத்தில் மாற்றினார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சேனலை மாற்றிவிடலாம்.

கேள்வி: கணக்கெடுப்புக்குப் பணம் இல்லை. சாவடிவாரி முடிவுகளை வைத்தே முதுகலை ஆய்வேடு எழுத முடியுமா?
(முதுகலை மாணவி, சேலம்)

தாராளமாக. வேண்டியது படிவம் 20. தொகுதியின் இறுதி முடிவுத் தாள் அது: வரிசைக்கு ஒரு சாவடி, பத்திக்கு ஒரு வேட்பாளர், பிறகு நோட்டா, மொத்தம். அஞ்சல் வாக்குகள் சாவடிகளோடு கலக்காமல் கடைசியில் தனி வரியில் இருக்கும். மக்களவைத் தேர்தலானால் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனித் தாள்.

பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான் கிடைக்கும், சில பக்கங்கள் சாய்ந்தும் இருக்கும். மென்பொருளை வைத்துப் படித்தால் 3 எட்டாகும், 1 ஏழாகும். தட்டச்சு செய்து முடித்ததும் முதலில் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி அந்தச் சாவடியின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியையும் கூட்டி, அஞ்சல் வாக்கும் சேர்த்து, அறிவிக்கப்பட்ட முடிவோடு ஒப்பிடுங்கள். வரிசை சரியாக வந்து பத்தி இடித்தால், பெரும்பாலும் எங்கோ ஒரு வரியில் இரண்டு வேட்பாளர்களின் எண்கள் இடம் மாறியிருக்கும்.

இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது சாவடி எண்ணை நம்பவே கூடாது. 2016இல் 112 என்று இருந்த சாவடி 2021இல் 118 ஆகியிருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். பள்ளிக் கட்டடத்தின் பெயரையும் தெருப் பெயர்களையும் வைத்துக் கையால் பொருத்துங்கள். பொருந்தாதவற்றை விட்டுவிட்டு, எத்தனை விட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு தொகுதிக்கு இந்த வேலை மட்டுமே ஒரு வாரம் பிடிக்கும்.

இது அற்ப வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஆகஸ்டில் லோக்நிதியின் சஞ்சய் குமார், மகாராஷ்டிரத்தின் ராம்டேக், தேவ்லாலி தொகுதிகளில் மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் இடையே வாக்காளர் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டதாகப் பதிவிட்டார். இரண்டு நாளில் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார். எண்களை எடுக்கும்போது வரிசை மாறிப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குள் வழக்குகள் பதிவாகி, உச்ச நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதிக்கும் நிலை வந்தது. பல்லாண்டு அனுபவமுள்ள குழுவுக்கே இந்தக் கதி.

முடிவு எழுதும்போது ஒரு கண்ணி காத்திருக்கும். பட்டியலினத்தார் அதிகமுள்ள சாவடியில் ஒரு கட்சிக்கு 60 சதவீதம் விழுந்தால், பட்டியலினத்தார் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அதே சாவடியின் மற்றவர்கள் போட்டிருக்கலாம் அல்லவா? அமெரிக்கச் சமூகவியலாளர் ராபின்சன் 1950இலேயே காட்டிய பிழை இது. 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலம் மாநிலமாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள். "இத்தகைய சாவடிகளில் இக்கட்சி கூடுதலாகப் பெற்றது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு விகிதப்படி நடக்கும் மாவட்ட ஆசனப் பகிர்வை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், விளங்குவதில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
(ஆசிரியை, யாழ்ப்பாணம்)

கரும்பலகையில் ஒரு கற்பனை மாவட்டத்தை எழுதுங்கள். ஆறு ஆசனம், செல்லுபடியான வாக்கு 3,00,000. அ கட்சி 90,000, ஆ 70,000, இ 50,000, ஈ 40,000, உ 35,000. மீதி 15,000 சிறு குழுக்களுக்குச் சிதறிப் போனது.

முதல் வாக்குப் பெற்ற அ கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று, மீதி ஐந்து. அடுத்து 5 சதவீத வெட்டுப்புள்ளி, அதாவது 15,000. சிறு குழு எதுவும் அதைத் தொடவில்லை, அவர்களின் வாக்குகள் கணக்கிலிருந்து கழிகின்றன. மிஞ்சிய 2,85,000ஐ ஐந்தால் வகுக்க 57,000. அ கட்சிக்கு ஒரு முழு ஆசனம், மீதி 33,000. ஆ கட்சிக்கு ஒன்று, மீதி 13,000. மற்ற மூன்றுக்கும் முழு ஆசனம் இல்லை, ஆனால் 50,000, 40,000, 35,000 என்று அவர்களிடம்தான் பெரிய மீதிகள். எஞ்சிய மூன்று ஆசனங்களும் இ, ஈ, உ மூவருக்கும் போகின்றன. அ 2, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று.

இப்போது பலகையில் இரண்டே எண்களை அழித்து மாற்றுங்கள். உ கட்சியிலிருந்து 3,000 வாக்கை எடுத்து அ கட்சிக்குக் கொடுங்கள். அ 93,000, உ 32,000. அ கட்சியின் மீதி 36,000 ஆகிறது, உ கட்சியின் 32,000ஐ முந்துகிறது. அ 3, உ பூச்சியம். மொத்த வாக்கில் ஒரு சதவீதம் நகர்ந்ததற்கு ஓர் ஆசனம் கைமாறியது. மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதன்பின் 2024 நாடாளுமன்றத் தேர்தலின் யாழ்ப்பாண மாவட்டத்தைக் கொடுங்கள். தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாக்கு பெற்று ஆறில் மூன்று ஆசனம் எடுத்தது. மற்ற மூன்றும் மூன்று அணிகளுக்கு ஒவ்வொன்றாய்ப் போயின. தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சிதறி நின்றதற்கு இந்தச் சூத்திரம் என்ன விலை வைத்தது என்று வாக்கு விவரத்தை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது இரண்டு இடத்தில்: போனஸைக் கழிக்காமல் ஆறால் வகுப்பது, விருப்பு வாக்குகளைக் கட்சி வாக்கோடு கூட்டிவிடுவது. விருப்பு வாக்கு கட்சிக்குள் யார் போவது என்பதைத் தீர்மானிக்க மட்டுமே.

கேள்வி: "தமிழ்நாட்டில் சமூக நீதி அரசியல்" என்ற தலைப்பை ஆய்வுக் குழு ஏற்கவில்லை. ஏன்?
(ஆய்வு மாணவி, மதுரை)

அது ஒரு நூலகத்தின் பெயர், ஆய்வின் தலைப்பு அல்ல. 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உங்களுக்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண் என்பதால் மேலும் இரண்டு ஆண்டு வரை சலுகை கேட்கலாம். குறைந்தது 12 கிரெடிட் பாடவேலையும் அந்தக் காலத்துக்குள்தான். அதற்குள் அடங்கும் ஒரு கேள்வி வேண்டும்.

உதாரணமாக, நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2009இல் வந்த அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்ற அமர்வு உள் ஒதுக்கீட்டை ஏற்ற தீர்ப்போடு சட்டப் பிரச்சினை ஓரளவு முடிந்துவிட்டது. "ஒதுக்கிய இடங்கள் எந்தெந்தத் துறையில் நிரம்பின, எங்கே நிரம்பவில்லை, ஏன்?" என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இரண்டு அரசுத் துறை, இரண்டு மாவட்டம், குறிப்பிட்ட ஆண்டுகள் என்று வேலி போடுங்கள்.

தரவு கிடைக்குமா என்று தலைப்புப் பதிவுக்கு முன்பே சோதித்துவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. "ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டால் "காரணம் கேட்க இச்சட்டத்தில் இடமில்லை" என்று பதில் வரும். "இன்ன பதவிக்கான, இன்ன ஆண்டுகளின் இனச்சுழற்சிப் பதிவேட்டின் (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் பதிவேடு) நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது. ஆறு மாதம் இதற்கே போகலாம் என்பதால்தான் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

கேள்வி: ஆய்வேட்டின் ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி) 14 சதவீதம் வந்திருக்கிறது. தப்புமா?
(ஆய்வு மாணவர், சிதம்பரம்)

2018 யுஜிசி விதியில் 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். சட்டப் பிரிவுகள், நூற்பட்டியல், மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டிய பகுதிகள் ஆகியவற்றைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். அரசியலமைப்புப் பிரிவுகளை முழுசாக எடுத்துப் போட்டிருந்தால் உங்கள் 14 இறங்கிவிடும். தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு சொல்: மென்பொருள் தமிழை அரைகுறையாகத்தான் பிடிக்கும், 2 சதவீதம் வந்ததென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் உட்காரும் பேராசிரியர் அந்த நூலைப் படித்திருப்பார்.

கேள்வி: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைத் தமிழில் எழுதலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

அரசியல் அறிவியலுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. முதல் தாள் 50 வினா, இரண்டாம் தாள் 100, இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எதையும் விடாமல் எல்லாவற்றுக்கும் விடை குறியுங்கள். தமிழில் படித்தவர்கள் கலைச்சொற்களுக்கென்று தனி நோட்டு போட்டு, "இறையாண்மை", "மேலாண்மை", "மேலாதிக்கம்" மூன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிப் பழகுவது நல்லது. தடுமாற்றம் கருத்தில் இருக்காது, இந்தச் சொற்களில்தான்.

கேள்வி: உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா, என்ன எச்சரிக்கை வேண்டும்?
(வாசகர், கோயம்புத்தூர்)

முதலில் உங்கள் பணி விதியைப் பாருங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டும். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பது சிக்கலாகும். பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த விதித்தொகுப்பு. "எல்லோரும் போகிறார்களே" என்பது விளக்கக் கடிதத்தில் எழுதக்கூடிய பதில் அல்ல.

அழைக்கிறவரிடம் தலைப்பு என்ன, கூட யார், நேரலையா பதிவா, திரையில் பெயருக்குக் கீழே என்ன போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அரசியல் விமர்சகர்" என்று போட்டால் ஒரு பேச்சு, பல்கலைக்கழகப் பெயரைப் போட்டால் வேறு பேச்சு. கட்சி உறுப்பினராக இருந்தாலோ ஒரு கட்சிக்குக் கணக்கெடுப்பு செய்து கொடுத்திருந்தாலோ முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மற்றவர் சொல்லி வெளிவந்தால் அன்றைக்குப் பேசியது மட்டுமல்ல, அதற்கு முன் எழுதியதும் சேர்ந்து போகும்.

ஒரு மணி நேர விவாதம், ஐந்து பேர், விளம்பரம், நெறியாளரின் கேள்விகள் எல்லாம் கழித்தால் உங்களுக்கு ஆறேழு நிமிடம் கிடைத்தாலே அதிகம். அதற்கு ஒரு தாள் போதும். மூன்று எண், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஆண்டு, எதில் எத்தனை. 37.36லிருந்து 36.56க்கு வந்தால் அது 0.8 சதவீதப் புள்ளி, ஆனால் சதவீதக் கணக்கில் 2.1 சதவீத வீழ்ச்சி. எதிரில் இருப்பவர் வசதிக்கேற்ப மாற்றி மாற்றிச் சொல்வார், நீங்கள் பிடித்துச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

தேர்தல் காலமானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126அ பிரிவு இருக்கிறது. ஆணையம் அறிவிக்கும் காலத்தில், பொதுவாக முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, எக்ஸிட் போல் (வாக்களித்து வெளியே வருபவரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு) முடிவை வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். துறை மாணவர்கள் முதல் கட்டத் தொகுதியில் எடுத்த எண்களை நேரலையில் உதிர்ப்பதும் இதில் அடங்கும்.

தவறாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அன்றிரவே, சொன்ன எண், சரியான எண், எங்கே பிசகியது என்ற மூன்றையும் உங்கள் பெயரில் எழுதிப் போடுங்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். யூடியூப் பதிவின் கீழே குறிப்பாகச் சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.